நடப்புக் கோப்பகம் யாருக்குச் சொந்தம்?

இயங்கும் நிரலின் நடப்புக் கோப்பகத்தை மாற்ற சி மொழியில் ஒரு வரி போதும்: யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் சிஎச்-டிர், விண்டோஸில் செட்-கரண்ட்-டைரக்டரி. அந்த வரி நிரல் தொடங்குமிடத்தில் இருக்கலாம். பிறர் நிரலுக்குள் போய் உட்காரும் லைப்ரரியில் இருக்கக் கூடாது என்பது என் வாதம்.

நடப்புக் கோப்பகம் பிராசஸுக்குரியது என்பது யூனிக்ஸின் தொடக்க நாள்களிலேயே ஒரு கோளாறின் மூலம் தெரியவந்தது. பிடிபி-7 கணினியில் சேய் பிராசஸை உருவாக்கும் ஃபோர்க் அழைப்பு வந்ததும், கோப்பகம் மாற்றும் கட்டளை பலிக்காமல் போனதை யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டெனிஸ் ரிச்சி பதிவு செய்திருக்கிறார். கட்டளை சேய் பிராசஸில் ஓடியது. மாற்றமும் சேயோடு முடிந்தது. சிடி கட்டளை இன்றும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்போது ஒரு பிராசஸுக்கு ஓர் ஓட்டம்தான். இன்று ஒரே பிராசஸில் பல திரெட்கள் ஓடுகின்றன. கோப்பகமோ எல்லாவற்றுக்கும் பொது. ஒரு திரெட் அதை மாற்றிய கணத்தில், சார்புப் பாதையால் கோப்பைத் திறக்கும் இன்னொரு திரெட் வேறிடத்துக் கோப்பைத் திறந்துவிடும். அங்கும் அதே பெயரில் கோப்பு இருந்தால் பிழைச் செய்திகூட வராது. பழைய இடத்தைக் குறித்துவைத்து, வேலை முடிந்ததும் திரும்புவது பலர் கையாளும் உத்தி. அதனால் ஆபத்தான இடைவெளி சுருங்குமே தவிர மறையாது. பூட்டுப் போட்டாலும், கோப்பைத் திறக்கும் அந்நியக் குறிமுறை அந்தப் பூட்டைக் கேட்கப்போவதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆவணமே பல திரெட் நிரல்களும் பகிர்வு லைப்ரரிகளும் செட்-கரண்ட்-டைரக்டரியைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஜாவா இன்னும் விசித்திரமானது. அதில் கோப்பகம் மாற்றும் வசதியே கிடையாது. எனவே சிலர் ஜாவாவை நேட்டிவ் குறிமுறையோடு இணைக்கும் ஜேஎன்ஐ வழியாக சிஎச்-டிரை அழைக்கிறார்கள். ஜாவாவோ தொடங்கும்போது படித்த யூசர்-டிர் மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸில், சார்புப் பாதை கொண்ட ஒரு ஃபைல் பொருளிடம் முழுப் பாதையைக் கேட்டால் பழைய இடத்தைச் சொல்லும். அதையே படிக்கத் திறந்தால் புதிய இடத்தில் திறக்கும். பதிவேட்டில் எழுதப்படும் பாதையும் படித்த கோப்பும் வேறு வேறாகிவிட்ட பிறகு பிழையை எங்கே தேடுவது?

மாற்றுவழி இல்லாமலில்லை. போசிக்ஸ் 2008 தரத்தில் சேர்ந்த ஓப்பன்-அட், கோப்பகத்தின் விவரிப்பி எண்ணை நேரடியாகப் பெறுகிறது. பொதுநிலை எதையும் தொடுவதில்லை. விண்டோஸில் முழுப் பாதையே பாதுகாப்பு. வேறு கோப்பகத்தில் ஒரு நிரலை ஓட்டத்தான் வேண்டுமென்றால், சேய் பிராசஸை உருவாக்கும்போதே அதன் இடத்தைச் சொல்லிவிடலாம்: கிரியேட்-பிராசஸில் அதற்கென ஓர் அளவுரு நெடுங்காலமாக இருக்கிறது, போசிக்ஸின் ஸ்பான் முறைக்கு அது 2024 தரத்தில்தான் முறைப்படி வந்தது.

லினக்ஸில் அன்ஷேர் அழைப்பால் ஒரு திரெட்டுக்கு மட்டும் தனிக் கோப்பகம் தரலாம் என்பது உண்மையான எதிர்வாதம். ஆனால் அது பிற இயங்குதளங்களுக்குப் பொருந்தாது. பொதுத் தொகுப்பிலிருந்து கடனாக வந்த திரெட் என்றால், பிரிந்த நிலையிலேயே அடுத்த வேலைக்கும் போய்விடும்.