ஒரு மூக்கும் இருபத்தைந்து நாட்களும்

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பல்லைக் கடித்தால் கன்னத்தின் பின்பக்கம் ஒரு தசை புடைக்கும். அதற்குச் சற்று முன்னால், கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். துடிக்கிறதா? அதுதான் முகத் தமனி.

கழுத்தின் இரு பக்கமும் ஏறும் கரோட்டிட் தமனி, தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கிளையிலிருந்து வருவதுதான் நீங்கள் இப்போது தொட்ட முகத் தமனி. அது வளைந்து நெளிந்து, உதட்டையும் மூக்கையும் ஒட்டி, கண்ணின் உள்மூலை வரை ஏறுகிறது. இரு தாடைகளுக்கும் பற்களுக்கும் இரத்தம் தரும் மேல்தாடைத் தமனியும் அதே வெளிக் கிளையிலிருந்துதான் வருகிறது. உள் கிளை முக்கியமாக மூளைக்குப் போகிறது. ஆனால் போகிற வழியில் கண் குழி வழியாக ஒரு சிறு தமனியை நெற்றிக்கும் அனுப்பிவைக்கிறது. இந்த இரண்டு பக்கத்து இரத்தமும் கண்ணின் உள்மூலையில் கைகோர்க்கின்றன. அந்த இடத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை அங்கேதான் நடக்கிறது.

1790 முதல் 1792 வரை நடந்தது மூன்றாம் மைசூர் போர். ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர்களில் ஒருவர் காவஸ்ஜி. திப்பு சுல்தானின் ஆட்கள் அவரைப் பிடித்து, மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். மூக்கறுப்பது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது நிஜமாக நடந்த ஒரு மனிதனின் நிலையை நினைத்துப் பாருங்கள். சுமார் ஒரு வருடம் அந்த முகத்தோடுதான் அவர் நடமாடினார்.

பிறகு புனேவுக்கு அருகே ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்ல. செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்றுதான் குறிப்பு சொல்கிறது. பம்பாயைச் சேர்ந்த ஆங்கிலேய மருத்துவர்கள் இரண்டு பேர் அதை நேரில் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் ஒரு கடிதமாக, படத்துடன் அது வெளிவந்தது.

செய்முறை இதுதான். மெழுகில் மூக்கின் அளவுக்கு ஒரு மெல்லிய தகடு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். அந்தக் கோட்டின்படி தோலை அறுத்து எடுத்தார். ஆனால் முழுதாக எடுக்கவில்லை! இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் ஒட்டியபடி விட்டுவிட்டு, மீதித் தோலைத் திருப்பி மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். மேலே காசுக்கட்டி பூசிய துணி. நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. ஏறக்குறைய 25-ஆம் நாளில்தான் அந்த இணைப்பை வெட்டினார்.

அந்த 25 நாட்களில்தான் எல்லாமே இருக்கிறது. நெற்றிக்குப் போகும் சிறு தமனி புருவத்தின் உள்முனைக்கு அருகில்தான் மேலே ஏறுகிறது. ஒட்டியபடி விட்ட துண்டு இருப்பது அதன் பக்கத்தில்! பழைய இணைப்பு வழியாக இரத்தம் வந்துகொண்டே இருக்க, கீழே புது இடத்திலிருந்து நுண்குழாய்கள் மெல்ல வளர்ந்து தோலுக்குள் நுழைகின்றன. அவை பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு பழைய இணைப்பு தேவையில்லை. முன்பே வெட்டினால் தோல் கறுத்து அழுகிவிடும்.

இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி புத்தகம் எழுதியது 1628-இல். அதற்கு முன்பே 1597-இல் இத்தாலியின் தாலியாகோசி, கைத்தோலால் மூக்கு வைக்கும் முறையை அச்சிட்டிருந்தார். அதில் கையை வாரக்கணக்கில் முகத்தோடு கட்டி வைக்கவேண்டும். அவருக்கும் மிகப் பழைய சுஸ்ருத சம்ஹிதையோ, கன்னத்துத் தோலை ஒரு பக்கம் ஒட்டியபடியே வைத்து மூக்கு செய்யச் சொல்கிறது. தமனிகளின் வரைபடம் கையில் இல்லாமலே, எதை வெட்டக்கூடாது என்பது தெரிந்திருக்கிறது!

லண்டனில் ஜோசப் கார்ப்யூ அந்தச் செய்தியை மறக்கவில்லை. பிணங்களில் பழகிப் பார்த்துவிட்டு, 1814 அக்டோபர் 23 அன்று, மூக்கிழந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்தார். 1816-இல் புத்தகமும் எழுதினார். அதன் பிறகு ‘இந்திய முறை’ ஐரோப்பா முழுக்கப் பரவியது.

நூறு வருடம் கழித்து முதல் உலகப் போர். குண்டுச் சிதறலில் தாடையும் மூக்கும் பறிபோன வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் இவர்களுக்காகவே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே ஹரோல்ட் கில்லீஸ் 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் முகங்களைச் சீரமைக்கும் பணியை முன்னின்று நடத்தினார். பல் மருத்துவர்கள் தாடை எலும்பைப் பார்த்துக்கொள்ள, அவர் தோலையும் தசையையும் கவனித்தார். நெற்றித் தோலும் அவருக்குக் கைகொடுத்தது. தோலைக் குழாய் போல் சுருட்டி, ஒரு முனையை இரத்தத்தோடு ஒட்டவைத்தபடி நகர்த்தும் முறையையும் பயன்படுத்தினார். அடிப்படை என்னவோ அதேதான்.

இன்றும் தோல் புற்றுநோயால் மூக்கின் பகுதியை இழந்தவர்களுக்கு நெற்றித் தோலைத்தான் திருப்பி வைக்கிறார்கள். இணைப்பை வெட்டுவது பெரும்பாலும் மூன்று வாரம் கழித்து. செங்கல்காரரின் கணக்கில் பெரிய பிழை இல்லை!

கார்ப்யூவின் பெயர் புத்தக அட்டையில் இருக்கிறது. கில்லீஸ் பிளாஸ்டிக் சர்ஜரியின் தந்தை என்று போற்றப்படுகிறார். காவஸ்ஜியின் பெயரும் படமும்கூட மிஞ்சியிருக்கின்றன. கத்தியைப் பிடித்தவரின் பெயரை மட்டும் அந்தக் கடிதம் சொல்லவில்லை. அவர் என்ன தொழில் செய்யும் சாதி என்று விசாரித்தவர்களுக்கு, பெயரையும் எழுதிவைக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்?