புகழக் கூடாத பொருள்

கீரமங்கலத்துப் பூச்சந்தையில் மல்லிகை விற்பவர் தம் சரக்கைப் புகழ்ந்து கூவுவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. ஆனால் விற்பவர் புகழக் கூடாத பொருள்களும் உண்டு. கஞ்சா அவற்றுள் ஒன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் உரிமம் பெற்ற கடைகளிலேயே கஞ்சா விற்கப்பட்டது. 1893இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவும், முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்றே பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், மதுவையும் கஞ்சாவையும் பற்றிய பத்திரிகை விளம்பரங்களைத் தடை செய்தது. அவற்றைப் புகழ்ந்துரைப்பதும், பயன்படுத்தத் தூண்டுவதும், விற்க முன்வருவதும் குற்றமாயின.

1951இல் பல்சாரா வழக்கில் உச்சநீதிமன்றம் இச்சட்டத்தை ஆராய்ந்தது. 'புகழ்ந்துரைத்தல்' என்னும் சொல்லைப் பேச்சுரிமைக்கு முரணானதென நீக்கி, தூண்டுதலுக்கும் விற்க முன்வருதலுக்கும் உரிய தடையை நிலைநிறுத்தியது. விற்பவனின் அழைப்பைச் சட்டம் அடக்கலாம்; மனிதனின் கருத்தை அடக்கலாகாது என்பதே இதில் நாம் காணும் பாடம்.

1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் கஞ்சா விற்பனையே நாடெங்கும் குற்றமாயிற்று. கனடாவோ 2018இல் விற்பனையை அனுமதித்தது. எனினும் இளைஞரை ஈர்க்கும் விளம்பரத்தையும், பிரபலமானோரின் பரிந்துரையையும் அங்கே சட்டம் தடுக்கிறது. விற்க விட்டவர்களும் புகழ விடவில்லை!

நம் நாட்டில் மது விளம்பரத்திற்கும் தொலைக்காட்சியில் தடை உண்டு. ஆனால் மதுவின் பெயரைத் தாங்கிய சோடா அங்கே உலா வருகிறது. சட்டத்தின் எழுத்து காக்கப்படுகிறது. அதன் உயிர் போய்விடுகிறது.

பிறரைக் குறை கூறுமுன் நம்மைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் நம் திருவிழா மலருக்கு அத்தகைய சோடா விளம்பரம் ஒன்று வந்தது. அச்சுச் செலவை எண்ணி, நாமும் மறுக்காமல் ஏற்றோம். மலரைப் புரட்டிய சிறுவன் ஒருவன், "இது அப்பா குடிக்கிறதுதானே, சாமி?" என்று கேட்டான். நாம் பதில் சொல்லவில்லை.

நீதிமன்றம் நீக்கிய அந்த ஒரு சொல்லுக்குக் காவல் சட்டமன்று, நம் மனச்சாட்சியே. அன்று அக்காவலன் உறங்கிப்போனான். மறு ஆண்டு மலர் எட்டுப் பக்கம் குறைந்தே வெளிவந்தது.