விடுமுறைக் கூட்டத்தின் சாவும் ஊரின் கோபமும்: பழவேற்காட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

விடுமுறை நாளில் மகிழ்ச்சிக்காகக் கூடியவர்கள் கூட்டமாக இறந்துபோகும்போது, சமூகம் முதலில் கேட்பது ‘இதைச் செய்தவன் யார்’ என்பதைத்தான். ‘அந்தக் கூட்டத்தைக் காக்க வேண்டிய கடமை யாருடையது, அவர்கள் அன்று என்ன செய்துகொண்டிருந்தார்கள்’ என்ற கேள்வி பிந்தியே வருகிறது. வரும்போது அதைக் கேட்க ஆளிருப்பதில்லை. கூட்டத்தின் மீது வேண்டுமென்றே லாரியை ஏற்றிய கொலைகளில் இந்த வரிசை தெளிவாகத் தெரிகிறது. கொலைகாரனே இல்லாத விபத்துகளிலும் இதே வரிசைதான் நிலவுகிறது என்பதும், அதனால் பழி அந்தந்த ஊரின் எளிய மனிதர்கள் மீது இறங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இதற்குப் பழவேற்காடு ஏரியில் 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் நடந்த படகு விபத்தை மையமாகவும், நீஸ், பெர்லின், மக்டபர்க், நியூ ஆர்லியன்ஸ், கோயம்புத்தூர் நிகழ்வுகளை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நீஸ். 2016 ஜூலை 14, பிரான்சின் தேசிய நாள். கடற்கரைச் சாலையில் வாணவேடிக்கை முடிந்து குடும்பங்கள் கலைந்துகொண்டிருந்தபோது 19 டன் லாரி ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. 86 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். முதலில் பலியானவர்களில் ஒருவர் மொராக்கோ வம்சாவளியைச் சேர்ந்த, பல பிள்ளைகளைப் பெற்ற முஸ்லிம் தாய். ஆனால் அந்தக் கோடையில் பொதுவெளியின் கவனம் எங்கே போனது? அதே கடலோரத்து நகராட்சிகள் சில, முஸ்லிம் பெண்கள் உடலை மூடிக் குளிக்கும் உடைக்குத் தடை போட்டன. ஆகஸ்ட் 26 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அத்தகைய தடை ஒன்றை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இறந்தவர்கள் பட்டியலில் இருந்த ஒரு சமூகத்தையே ஒரே மாதத்தில் சந்தேகப் பட்டியலிலும் சேர்த்தாயிற்று. இதற்கு நேர் எதிரான குரலும் அதே ஊரில் கேட்டது. ஜூலை 18 அன்று மௌன அஞ்சலிக்கு வந்த பிரதமர் மானுவல் வால்சை நீஸ் மக்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அந்தக் கூச்சலில் கட்சி அரசியலும் கலந்திருந்தது என்பது உண்மை. ஆனாலும் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர்களை நோக்கி எழுந்த கோபம் அது.

பெர்லினில் 2016 டிசம்பர் 19 அன்று கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரி புகுந்து 12 பேர் இறந்தார்கள். அன்றிரவே பாகிஸ்தானைச் சேர்ந்த அகதி ஒருவர் பிடிக்கப்பட்டார். மறுநாள், அவருக்குத் தொடர்பில்லை என்று விடுவித்தார்கள். அந்த ஓரிரவுக்குள் அகதிகள் மீதான வசை நாடெங்கும் பரவிவிட்டது. உண்மையான கொலைகாரனும் தஞ்சம் கேட்டு வந்தவன்தான் என்று பின்னர் தெரிந்ததால், ‘வசைபாடியவர்கள் சொன்னது சரிதானே’ என்று பலர் நிம்மதியடைந்தார்கள். ஆனால் அவன் காவல்துறையின் கண்காணிப்பில் ஏற்கெனவே இருந்தவன் என்பதே நாடாளுமன்ற விசாரணைக் குழு வரை போன கேள்வி. அதைத் தொடர்ந்து கேட்டவர்கள் இழந்தவர்கள்தாம். ஓராண்டு நிறைவதற்குச் சற்று முன்பு அக்குடும்பங்கள் பிரதமர் மெர்க்கலுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. அரசு தங்களுக்கு நேரில் ஆறுதல் சொல்லவில்லை, ஆபத்தைத் தடுக்கத் தவறியது என்று அதில் குற்றஞ்சாட்டின. சில குடும்பங்களுக்கு அரசின் இரங்கலுக்கு முன்னதாக, உடலைப் பரிசோதித்ததற்கான கட்டணச் சீட்டு தபாலில் வந்திருந்தது. கொலைகாரன் யார் என்பது அக்குடும்பங்களுக்குத் தெரியும். அவன் அந்தச் சந்தை வரை வந்து சேர்ந்தது எப்படி என்பதே அவர்கள் கேட்டது.

அதே ஜெர்மனியின் மக்டபர்க் நகரம் இதைவிடக் கூர்மையான சான்று. 2024 டிசம்பர் 20 அன்று அங்குள்ள கிறிஸ்துமஸ் சந்தையில் கார் ஏற்றி ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். ஓட்டியவன் சவூதி அரேபியாவில் பிறந்தவன் என்ற செய்தி வந்ததும் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அவன் இஸ்லாத்தை விட்டு விலகி, இஸ்லாத்தை வெளிப்படையாக எதிர்த்து வந்த மருத்துவன் என்ற செய்தி பிறகே வந்தது. எழுதிய தீர்ப்பை அது அசைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்கென்று தடுப்புகளுக்கு நடுவே விடப்பட்டிருந்த இடைவெளி வழியாகத்தான் கார் நுழைந்தது என்ற செய்திக்கோ அந்த அளவு வாசகர்கள் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, 2025 புத்தாண்டு விடியலுக்கு முன், நியூ ஆர்லியன்சின் பர்பன் தெருவில் 14 பேர் கொல்லப்பட்டபோதும் இப்படித்தான். அத்தெருவின் தடுப்புத் தூண்கள் அப்போது பழுதுபார்ப்பில் இருந்தன. ஓட்டியவன் அமெரிக்காவிலேயே பிறந்து அந்நாட்டு ராணுவத்தில் பணியாற்றியவன். இருந்தும், முதல் சில மணி நேரத்து அரசியல் பேச்சு எல்லை தாண்டி வருவோரைப் பற்றியதாகவே இருந்தது.

இனி பழவேற்காடு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி என்று நின்று போகிறது. காணும் பொங்கலன்றும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையிலும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி இந்தப் பாதையில் வந்து பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கிறது. போய்ச் சேருமிடத்தில் டச்சுக்காரர் கல்லறைகள், பறவைகள், பிறகு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். ஏரியின் பெரும்பகுதியில் இடுப்பளவுத் தண்ணீர்தான். முகத்துவாரத்தின் சங்கதி வேறு. அங்கே மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடல் வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும்; எதிரே அலை வந்து முட்டும். அந்த இடத்தில் படகைத் திருப்புவது, அன்றாடம் போய் வருகிற மீனவருக்கே கவனம் தேவைப்படும் காரியம். கூட்டத்தை ஏற்றிச் செல்வதோ, வலையையும் மீனையும் சுமப்பதற்காகக் கட்டிய குறுகலான ஃபைபர் படகு. வலை கிடத்திய இடத்தில் கிடக்கும். மனிதர்கள் அப்படி இருக்கமாட்டார்கள். குழந்தைக்கு அலையைக் காட்ட எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் படகின் நிலை தவறிவிடும்.

2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, இந்த ஏரியில் 22 பேர் மூழ்கி இறந்தார்கள். விடுமுறைக்கு உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். படகில் தாங்குமளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லை. மறுநாள் ஆழிப்பேரலையின் ஏழாம் ஆண்டு நினைவு நாள். தங்கள் சொந்தங்களுக்கு அஞ்சலி செலுத்த வேண்டிய கடலோரக் குப்பங்கள் அயலாரின் சாவுக்கும் சேர்த்து அழுதன. அரசு நிவாரணம் அறிவித்தது, படகுச் சவாரிக்குத் தடை வந்தது. பொதுப் பேச்சோ ஒரே இடத்தில் போய் நின்றது: காசுக்கு ஆசைப்பட்டு ஆட்களை அடைத்த படகுக்காரர். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அதே பண்டிகைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வருவதும், அவர்களில் பலர் படகேறுவதும் அதிகாரிகளுக்கும் தெரிந்த விஷயம். மீன்பிடிப் படகைப் பதிவு செய்வது மீன்வளத் துறை. ஏரியின் பறவைச் சரணாலயப் பகுதி வனத்துறையிடம். பண்டிகை பந்தோபஸ்து காவல்துறையிடம். சுற்றுலாவுக்கு என்று தனித் துறை. படகில் ஏறும் மனிதனுக்குப் பொறுப்பான துறை எது என்று கேட்டால், 2011இல் விடை கிடையாது. அந்த வெற்றிடம்தான் பழவேற்காட்டின் திறந்து கிடந்த தடுப்பு. மக்டபர்க்கில் விடப்பட்ட இடைவெளியில் கார் நுழைந்தது. இங்கே விடப்பட்ட இடைவெளியில் படகு கவிழ்ந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். திட்டமிட்ட கொலையையும் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தையும் ஒரே தட்டில் வைப்பது அறமா என்று கேட்பார்கள். குற்றத்தை அளக்கும்போது இரண்டும் ஒன்றல்ல. ஒன்றாக்குவது கொலையுண்டவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் குற்றத்தை அளப்பது ஒரு விசாரணை, காப்பு எங்கே தவறியது என்று ஆராய்வது வேறொரு விசாரணை. நீஸ் வழக்கில் பிரெஞ்சு நீதித்துறையே இவற்றைப் பிரித்துத்தான் கையாண்டது: கொலைகாரனுக்கு உதவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மீதான வழக்கு 2022 டிசம்பரில் பாரிசில் தீர்ப்பானது, அன்றிரவுப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிய விசாரணை தனியே நடந்தது. நான் ஒப்பிடுவது இந்த இரண்டாவது விசாரணையை மட்டுமே.

‘செய்தவனின் அடையாளத்தைப் பேசாமல் பயங்கரவாதத்தை எப்படித் தடுப்பது’ என்பது இன்னொரு மறுப்பு. செய்தவனின் கொள்கை, தொடர்புகள், பணம் வந்த வழி எல்லாம் துருவி ஆராயப்பட வேண்டியவை. கோயம்புத்தூரில் 2022 அக்டோபர் 23 விடியற்காலை, தீபாவளிக்கு முந்தைய நாள், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயிலருகே கார் வெடித்து ஓட்டியவர் இறந்தார். அவர் வீட்டில் வெடிபொருள் தயாரிக்கும் ரசாயனங்கள் கிடைத்தன. தேசியப் புலனாய்வு முகமை வழக்கை எடுத்துக்கொண்டது. சில மணி நேரம் கழித்துக் கடைவீதியில் அது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேரை இழந்த நகரம் அது. அதற்குச் சில மாதம் முன்பு, காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்களைப் பறிகொடுத்த நகரமும் அதுவே. 2022இல் கடையடைப்புக்கு விடப்பட்ட அழைப்பு பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. நவம்பர் தொடக்கத்தில் ஜமாத் பிரதிநிதிகள் அந்தக் கோயிலுக்கே சென்று, அங்கிருந்தோரைச் சந்தித்துத் தங்கள் கண்டனத்தையும் நல்லிணக்கத்தையும் தெரிவித்தார்கள். புலனாய்வு தன் வழியில் நடந்தது. நகரம் தன் அண்டை வீட்டாரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்காமல் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை. அண்டை வீட்டார் தங்கள் குற்றமற்ற நிலையை நடந்து போய்க் காட்ட வேண்டியிருந்ததே என்ற உறுத்தல் எனக்கு உண்டு; ஆயினும் அந்த நடை அன்று நகரத்தைக் காத்தது.

பழவேற்காட்டைப் பொறுத்தவரை வலுவான மறுப்பு வேறு: தடை போட்டாயிற்று, படகே ஓடாவிட்டால் யாரும் சாகப்போவதில்லை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது. தடை முழுமையாக நடைமுறையில் இருந்தால் இந்த வாதத்தை ஏற்கலாம். அது அப்படி இல்லை. காவலர் நிற்கும் நாளில் படகுகள் கரையில் கிடக்கின்றன. மற்ற விடுமுறைகளில் சவாரி மறைவாக நடப்பதாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. மறைவாக நடக்கும் சவாரிக்கு ஆட்கணக்கு இல்லை, உயிர்காப்பு உடை இல்லை, படகைச் சோதிப்பாரும் இல்லை. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர் இறந்த படகு, மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாவுக்கு விட்டதுதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்டதோ அரசு நிறுவனமே நடத்திய படகு. ஆகவே அரசு நடத்தினாலே பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை. யார் நடத்தினாலும் ஏறுவோரை எண்ண ஒருவர் வேண்டும், கூடுதலாக ஏறியவரை இறக்கிவிட அவருக்கு அதிகாரமும் வேண்டும். இதே கடலோரத்தில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பல பத்தாண்டுகளாகப் படகுத் துறை நடத்துகிறது. வடக்கே உள்ள ஏரிக்குத் தடை மட்டும் போதும் என்று முடிவுசெய்ததில், தடை விதிப்பது செலவில்லாத வேலை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

ஏரிக்கரைக் குப்பங்களுக்கு ஒழுங்கு தெரியாது என்பதும் பிழை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது: யார், எந்த நாள், ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொடுக்கும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் பதில் சொல்ல வேண்டும். மீனுக்கு முறைவைக்கத் தெரிந்த ஊரால் சவாரிப் படகுக்கும் முறைவைக்க முடியும். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பாடு முறையில் உரிமை உள்ளவர்கள் குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சாதிக் குடும்பங்கள்தாம். ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்றவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். எனவே முறையை ஊர் வைக்கலாம். உரிமம் அரசுடையதாக, எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும். உள்நாட்டுக் கலங்களுக்கென 2021இல் நாடாளுமன்றம் புதுச் சட்டமே இயற்றியிருக்கிறது; சட்டம் இல்லை என்று இனி சாக்குச் சொல்ல இயலாது.

திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அடுத்த காணும் பொங்கலுக்கு முன் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. முகத்துவாரம் வரை எந்தப் படகும் பயணிகளோடு போகக் கூடாது என்பதை உறுதியாக்கி, ஆழம் குறைந்த ஏரிப் பகுதியில் மட்டும், சோதித்து எண்ணிட்ட படகுகளுக்கு உரிமம் தர வேண்டும். ஒவ்வொரு படகுக்கும் ஆள் வரம்பைப் படகின் மீதே எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படகுத் துறையில் ஒரு பலகை வைத்து, அங்கே ஏறுவோரின் உயிருக்குப் பொறுப்பான துறையின் பெயரையும் அன்று பணியிலிருக்கும் அதிகாரியின் பதவியையும் எழுதிவைக்க வேண்டும்.