குட்டி ஒட்டும் 32 வருஷமும்

கூடுவாஞ்சேரி மின்சார ரயில்ல படிச்ச கதை மக்களே. செல்லின் உட்கருவில் டிஎன்ஏ இழை, ஹிஸ்டோன் புரதங்கள் மேல நூல்கண்டு மாதிரி சுத்தியிருக்கு. ஹிஸ்டோனில் அசிட்டைல்னு ஒரு குட்டி ஒட்டு சேர்ந்தா பிடி தளரும், ஜீன் வேலை செய்யும். இப்படி இருக்கலாம்னு 1964-ல் நியூயார்க்கில் வின்சென்ட் ஆல்ஃப்ரே குழு சொன்னாங்க. ஆனா ஒட்டுறது யாரு?

1996-ல் டேவிட் ஆலிஸ் குழு, டெட்ராஹைமெனா என்ற ஒருசெல் உயிரியில் அந்த நொதியைப் பிடிச்சாங்க. ஜீனை முடுக்கிவிடும் ஈஸ்ட் புரதம் ஒன்றுக்கு அது சொந்தக்காரன்! ஊகம் உறுதியாச்சு.

2004-ல் பெங்களூரில் தபஸ் குண்டு குழு, நம்ம மஞ்சளில் இருக்கும் குர்குமின், பி300 என்ற ஒட்டும் நொதியைத் தடுக்குதுன்னு ஆய்வகத்தில் காட்டினாங்க. (சாம்பார்ல கூடுதலா கொட்டிடாதீங்க!)

கோட் அதேதான், ஃப்ளாக் மட்டும் மாறுது. மாத்துறவனைப் பிடிக்க 32 வருஷம். நமக்கு ஒரு பக் ரெண்டு நாள் இழுத்தாலே டென்ஷன்.