ராதிகா சாந்தவனம்: நீக்கப்பட்ட பாடல்களும் தடையும்

ராதிகா சாந்தவனம், 18ஆம் நூற்றாண்டில் முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய சிருங்காரக் காவியம். தேவதாசி மரபைச் சேர்ந்த இவர், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (ஆட்சி 1739–1763) அவைக் கவிஞர். ஆட்சி மராட்டியரிடம் வந்த பின்னும், நாயக்கர் காலத்துத் தெலுங்கு இலக்கிய மரபு தஞ்சையில் தொடர்ந்தது.

தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கும் ராதை, பின்பு பொறாமையால் வாடுகிறாள். அவள் ஊடலைக் கண்ணன் தணிக்கிறான். கதை இவ்வளவே. பெண்ணின் உடல் வேட்கையைப் பெண் கவிஞரே வெளிப்படையாகப் பாடியதுதான் பிற்காலத்தில் சிக்கலானது.

1887இல் அச்சான பதிப்பில் பல பாடல்கள் விடுபட்டிருந்தன. கந்துகூரி வீரேசலிங்கம் தம் தெலுங்குக் கவிஞர் வரலாற்றில் முத்துப்பழனியைக் கடுமையாகப் பழித்தார். விதவை மறுமணத்துக்காகப் போராடிய சீர்திருத்தவாதி அவர் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

பெங்களூர் நாகரத்தினம்மா மூலச் சுவடியைத் தேடிப் பெற்று, விடுபட்ட பாடல்களைச் சேர்த்து 1910இல் சென்னையில் வாவிள்ள பதிப்பகம் வழியாக நூலை வெளியிட்டார். ஆண் கவிஞர்கள் பாடிய சிருங்காரத்தை ஏற்பவர்கள் பெண் பாடியதை மட்டும் பழிப்பது ஏன் என்று முன்னுரையில் கேட்டார். வீரேசலிங்கத்தின் பெயரைச் சொல்லியே கேட்டார். மறு ஆண்டே நூல் ஆபாசமானது என்று அரசு நடவடிக்கை எடுத்தது. பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

கிரேக்க, ரோமானிய நூல்களும் இத்தகைய கத்தரியிலிருந்து தப்பவில்லை. 1919இல் வெளியான லோயப் வரிசைப் பதிப்பில், ரோமக் கவிஞர் மார்ஷியலின் 'ஆபாசமான' பாடல்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்துக்குப் பதில் இத்தாலிய மொழிபெயர்ப்பு இடப்பட்டது. லத்தீன் அறியாத ஆங்கில வாசகருக்கு அவை எட்டவில்லை. கிரேக்கரின் தன்பாலினக் காதலைக் குவளை ஓவியங்கள், நீதிமன்ற உரைகள் ஆகியவற்றின் துணையுடன் கென்னத் டோவர் விரிவாக ஆராய்ந்த நூல் 1978இல்தான் வந்தது. முந்தைய தலைமுறை மாணவர்கள் பலர் படித்தவை நீக்கல் பதிப்புகளே. அவற்றை மட்டும் கொண்டு ஒரு காலத்தின் பாலியல் வாழ்வை எடைபோட்டால், பதிப்பாசிரியரின் கூச்சமே பண்டையோரின் ஒழுக்கமாகத் தோன்றும்.

ராதிகா சாந்தவனத்தின் மீதான தடையை 1947இல் சென்னை மாகாணப் பிரதமர் த. பிரகாசம் நீக்கினார். நூல் 1952இல் மீண்டும் அச்சானது. நாகரத்தினம்மா காலமானதும் அந்த ஆண்டில்தான்.