பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள்: தலித் படைவீரர்களின் வாய்மொழி வரலாறு குறித்து



தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த தோழர், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார். அவருடைய பட்டாளத்து வருஷங்களைப் பற்றி என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அதுல பேச என்ன இருக்கு?" என்றார். அந்தக் கேள்விதான் இன்றைய உரையின் தொடக்கம்.

அவருடைய வாழ்க்கையை நாம் மேடைதோறும் சொல்கிறோம். 1924இல் பிறந்தார். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் 18 வயதில் சிறை சென்றார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் நடந்த அமைதிப் பேச்சில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். இடையில் ஒரு வரி வரும்: "இராணுவத்தில் பணியாற்றி, 1952இல் ஊர் திரும்பினார்." அவ்வளவுதான். அந்த ஆண்டுகளில் அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், யாருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார், சாதி சொல்லி யாராவது அழைத்தார்களா, அழைத்தால் என்ன செய்தார்? 1957இல் அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு அவருக்கு எங்கே பழகியது என்று தெரிய வேண்டுமானால் இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது. அவரோடு பணியாற்றிய ஆட்கள் ஊர்களில் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. என் தாத்தா மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். வட ஆற்காட்டுக்காரர். 1941இல் சேர்ந்து, பர்மா போய், 1946இல் திரும்பினார். அவருடைய தகரப் பெட்டி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதில் ஒரு டிஸ்சார்ஜ் புக். எண், பதவி, தொழில், உயரம், மச்சம், நடத்தை, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. நான் சமூகவியல் முதுகலை படித்தபோது கள ஆய்வு என்று வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாவட்டம் அலைந்தேன். வீட்டுத் திண்ணையில் இருந்தவரிடம் ஒரே ஒரு நாள்தான் டேப் ரெக்கார்டரை வைத்தேன். "எந்த வருஷம், எந்த யூனிட், எந்த இடத்தில் சண்டை?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகாரிக்குச் சொல்வதுபோல எண், பதவி, கம்பெனி சொன்னார். சிந்த்வின் ஆற்றுப் பக்கம் பாலம் போட்டோம் என்றார். பிறகு, "வேற?" என்று என்னையே கேட்டார். என்னிடம் வேறு கேள்வி இல்லை. கேசட்டில் 11 நிமிஷம்தான் இருக்கிறது. 2003இல் இறந்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து ஆயா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். தாத்தா ஊர் வந்த அன்று காலில் பூட்ஸ். எங்கள் சேரிக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து, தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு தெருவைக் கடந்திருக்கிறார். சேரி முனை வந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார். "பூட்ஸு போட்டுக்கினுதான் வந்தாருன்னு சேரி பூரா பேச்சு. கழட்டுனது எனக்கு மட்டுந்தான் தெரியும். அதுவும் குடிச்ச அன்னிக்குத்தான் சொன்னாரு" என்றாள் ஆயா. என் 11 நிமிஷத்தில் இந்தப் பூட்ஸ் இல்லை. நான் கேட்ட எந்தக் கேள்வியும் அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இனி கொஞ்சம் வரலாறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் ஒடுக்கப்பட்டோர் ஏராளமாக இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். 1818 ஜனவரி 1 கோரேகான் போரில் இறந்த மகர் வீரர்கள் 22 பேரின் பெயர் அங்குள்ள தூணில் இருக்கிறது. 1927இல் அண்ணல் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அவர் பிறந்ததே மோவ் இராணுவக் குடியிருப்பில். தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார், இராணுவப் பள்ளி ஆசிரியர். நம் பக்கம் மதராஸ் படையில் பறையர் சமூகத்தவர் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். 1780இல் பயனியர்களாகத் தொடங்கிப் பின்னர் சாப்பர்ஸ் ஆன பிரிவில் அவர்கள் ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள், வெடி வைத்தார்கள். "தம்பி" என்பது இன்றைக்கும் அந்தப் பிரிவினருக்குச் செல்லப் பெயர்.

பிறகு வந்தது "வீரச் சாதி" என்கிற கோட்பாடு. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லை என்கிற முடிவுக்கு வந்தார். அடுத்து அவரே இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. தெற்கத்திப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நின்றது. ஓய்வுபெற்ற சிப்பாயான கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து 1894இல் மனு தயாரித்தார். முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917இல் மகர் படைப்பிரிவு உருவாகிறது. போர் முடிந்து 1921இல் கலைகிறது. மதராஸ் பயனியர்கள் 1933இல் கலைக்கப்பட்டார்கள். அடுத்த போர் வந்ததும் 1941இல் மகர் ரெஜிமென்ட். மதராஸ் ரெஜிமென்ட்டும் அந்தப் போர்க்காலத்தில்தான் மறுபடி எழுகிறது. நம் சமூகத்தின் வீரம் வெள்ளைக்காரனின் ஆள்கணக்குக்கு ஏற்பக் கூடிக் குறைந்திருக்கிறது!

இத்தனை பேர் போய் வந்தார்களே, அவர்கள் பேசியது எங்கே இருக்கிறது? தமிழகத்துக் கிராமங்கள் சிலவற்றில் முதல் உலகப் போருக்கான கல்வெட்டுப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண் இருக்கும். பெயர் இருக்காது. பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து மொழிபெயர்த்து வைத்தார்கள். அதனால் அவை பிழைத்தன. 1999இல் டேவிட் ஒமிசி அவற்றைத் தொகுத்தார். அதில் கேட்பது பெரும்பாலும் வடநாட்டுக் குரல்கள். பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் ஜெர்மானியர்கள் ஒரு கைதி முகாம் வைத்திருந்தார்கள். மொழி ஆராய்ச்சிக்காக அங்கிருந்த சிப்பாய்களைக் குழாய்க்கு முன்னால் நிறுத்திப் பேசவைத்துத் தட்டில் பதிந்தார்கள். 1916 டிசம்பரில் மால் சிங் என்கிற பஞ்சாபிச் சிப்பாய், தன்னையே மூன்றாம் மனிதனாக வைத்து, ஊர் திரும்ப ஏங்கும் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். பேராசிரியர்களுக்கு வேண்டியிருந்தது உச்சரிப்பு. அவர் ஏக்கத்தைச் சொல்லிவிட்டார். நம் ஆட்களுக்குத் தணிக்கை அதிகாரி, ஜெர்மன் பேராசிரியர் என்கிற இந்த இரண்டு விபத்துகளும்கூட வாய்த்ததாகத் தெரியவில்லை.

சிப்பாய் என்று சொல்லும்போதே இன்னொரு கூட்டத்தை விட்டுவிடுகிறோம். முதல் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்களில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி தூக்காதவர்கள் என்று ராதிகா சிங்கா எழுதியிருக்கிறார். மூட்டை தூக்கியவர்கள், கழிவறை சுத்தம் செய்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள். சேரியில் வைத்திருந்த அதே வேலையை மலக்கூடையோடு சேர்த்துக் கடல் தாண்டிக் கொண்டுபோனது ராஜாங்கம். தன் அப்பா "மிலிட்டரியில் இருந்தார்" என்று மட்டும் சொல்லும் குடும்பங்கள் உண்டு. என்ன வேலை என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். மாறட்டும், மெதுவாகத் திரும்பி வருவோம். அந்த மௌனத்தையும் நம் பதிவில் குறிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர்கள் படையில் இருந்தார்கள். 1945இல் 18 வயது என்றாலே இன்று அவர் நூறை ஒட்டியவர். அந்தத் தலைமுறையை நாம் இழந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளலாம். 1962, 1965, 1971 போர்களைப் பார்த்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள், எழுபதையும் எண்பதையும் கடந்து. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஒரு சட்டமே போட்டு, யார் வேண்டுமானாலும் ஒரு படைவீரரிடம் அரை மணி நேரமாவது பேசிப் பதிந்து நாடாளுமன்ற நூலகத்துக்கு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

கடந்த சில வருஷங்களாக நானும் நண்பர்கள் சிலரும் இதைச் செய்துவருகிறோம். முதலில் கற்றுக்கொண்டது, சண்டையிலிருந்து தொடங்கக் கூடாது என்பது. சண்டையைக் கேட்டால் சினிமா வரும், அல்லது என் தாத்தாபோல எண்ணும் பதவியும் வரும். முதல் நாள் சாப்பாட்டைக் கேளுங்கள். முதல் லீவில் ஊருக்கு வந்ததைக் கேளுங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளும் தானாகப் பேசவைக்கும்.

தருமபுரிப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார். 1971 போர் பற்றிப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். பெட்டியிலிருந்து ஒரு அலுமினிய மெஸ் டின்னை எடுத்தபோதுதான் முகம் மாறியது. ரிட்டயர்டாகி வந்தபோது ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை. அவர் தினமும் இந்த மெஸ் டின்னைக் கையோடு கொண்டுபோவாராம். "எனக்குன்னு கவர்மென்ட்டே குடுத்த டம்ளர் இருக்குது, இதுல ஊத்து" என்பாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே இருந்து அவருடைய மனைவி, "அந்தக் கடையில நாலு வருஷம் இவருக்கு டீ குடுக்கலன்னு சொல்லு" என்றார். அவர் சிரிப்பு நின்றது.

வீட்டுப் பெண்களைப் பதியாமல் ஒரு பதிவும் முழுமையாகாது. சோவியத் பெண் வீரர்களின் கதைகளைத் தொகுத்த ஸ்வெத்லானா அலெக்சியேவிச், மனைவி என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின இரவே பாடம் நடத்திய கணவரைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் நடப்பது வேறு. மிலிட்டரிக்காரர் முன்னறையில் பேசுவார், அவர் விட்டதை அடுப்படி சொல்லும். மணியார்டர் வந்த கதை முழுக்கப் பெண்களிடம்தான் இருக்கிறது. தபால்காரர் சேரிக்குள் வரமாட்டார். ஊர் ஓரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கைக்குழந்தையோடு ஓடிப்போய்க் கைநாட்டு வைத்து வாங்க வேண்டும். என் ஆயா அப்படி ஐந்து வருஷம் ஓடியவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்மில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இவர்கள் பட்டாளத்தை நேசிக்கிறார்கள். போரை எதிர்க்கும் நான், துண்டறிக்கை எழுதும் நான், ரெஜிமென்ட் பெயரைச் சொல்லும்போது கண் கலங்குகிறவரின் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். தொடக்கத்தில் அந்தப் பகுதிகளை எழுத்தில் குறைத்தேன். அது தவறு. இராணுவப் பள்ளிகள் தன் சமூகத்து ஆண்களையும் பெண்களையும் படிக்கவைத்ததை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். ராஜ் கௌதமன், பாமா இருவரின் தந்தையும் பட்டாளத்துக்காரர். நம் இலக்கியத்துக்கு அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு உண்டு. அதே அம்பேத்கர், 1901இல் மாசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவனாகத் தனக்கு நேர்ந்ததையும் எழுதினார். நல்ல சட்டை போட்ட, சுபேதார் மகன். மகர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி தருகிறோம், நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்ற பிறகுதான் ஒருவன் வந்தான். இரண்டும் ஒரே வீட்டுக் கதைகள். எதையும் நாம் வெட்டக் கூடாது.

போன வருஷம் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். 1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் இருந்தவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்க நிறுத்தியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீடு ஒன்றில் ஒரு பாட்டி அவரைப் பார்த்து, "நீயும் தமிழ்தானே தம்பி?" என்று கேட்டதுவரை சொன்னார். பிறகு போனைக் காட்டி, "அத நிறுத்துப்பா" என்றார். நிறுத்தினேன். என்னோடு வந்த இளைய தோழருக்கு அதில் வருத்தம். இதுதானே முக்கியம் என்று பார்வையாலேயே கேட்டார். பெரியவர் அதன்பின் ஒன்றரை மணி நேரம் பேசினார். அதில் எதையும் நான் எழுதவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. பதிவின் ஒரு பிரதியை அவருடைய மகளிடம் கொடுத்தோம். மீதியை எப்போதாவது சொல்வதானால் கூப்பிடச் சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தோம். அவருக்கு 76 வயது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நானே கூப்பிட்டு உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்கிறேன்.