வறுங்கலமும் குறியெதிர்ப்பையும்: சங்கப் பாடல்களில் அட்டிலும் குழந்தைகளும்

பண்டைத் தமிழகத்தின் பொருளியல் வரலாறு பெரும்பாலும் மிளகு, முத்து, யவனர் கலம், வேந்தர் கொடை ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஒரு வீட்டில் அன்றைக்கு உலை ஏறியதா, குழந்தை உண்டதா என்னும் வினா அவ்வரலாற்றில் அரிதாகவே எழுகிறது. இதற்குச் சான்றின்மை காரணமன்று. குமணனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் சில இவ்வினாவுக்கு நேராகவே விடை தருகின்றன. எனினும் அவை புலவரின் வறுமைக்கும் வள்ளலின் ஈகைக்கும் எடுத்துக்காட்டாக ஆளப்பட்டு, அந்த அளவில் விடப்படுகின்றன. அடுப்பின் பக்கமிருந்து படிக்கும்போது, குழந்தைகள் உள்ள ஓர் எளிய குடும்பம் வள்ளலின் பரிசில் வந்து சேரும்வரை எவ்வாறு உயிர் தாங்கியது என்பதை அவை காட்டுகின்றன.

அகழாய்வு இங்கு ஓரளவே துணைசெய்யும். கொடுமணலிலும் கீழடியிலும் பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கீழடியில் சுடுமண் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. ஆனால் பானை ஓடு, அப்பானை நிறைந்திருந்ததா வெறுமையாக இருந்ததா என்பதைச் சொல்லாது. அதைப் பாடலே சொல்ல வேண்டும்.

செல்வர் மனையின் குழந்தையைச் சங்கப் பாடல்கள் உணவை மறுக்கும் அல்லது சிதறும் குழந்தையாகவே காட்டுகின்றன. பாண்டியன் அறிவுடைநம்பியின் பாடலில் (புறம். 188) நெய்ச்சோற்றைத் தொட்டும் துழாவியும் உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தை பெற்றோரை மயக்குகிறது. போதனாரின் நற்றிணைப் பாடலில் (110) தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, கையில் சிறுகோலுடன் நரைத்த செவிலியர் துரத்த, சிறுமி பிடிகொடாமல் ஓடுகிறாள். ஊட்டும் வேலை தாயிடமிருந்து செவிலியிடம் சென்றுவிட்ட வீடு அது. அச்சிறுமியே மணமான பின், கணவன் குடி வறுமையுற்ற நிலையில், தந்தையின் வளமான சோற்றை எண்ணாது பொழுது மறுத்து உண்கிறாள். இப்பாடலை அறிவும் ஒழுக்கமும் கைவந்த மகளின் பெருமையாகவே உரைகாரர் காண்பர். பொருந்தும், ஆயினும் ஒருவேளை உணவை விடுபவள் அவ்வீட்டில் பெண்ணே என்பதும் அதே பாடலின் செய்திதான்.

அட்டில் என்னும் சொல் அடுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. அங்கு நிற்பவளின் உழைப்பை அகப்பாடல்கள் நுணுக்கமாகப் பதிவுசெய்துள்ளன. மாங்குடி கிழார் பாடலில் (நற். 120) தலைவி வாளைமீனை அரிந்து, புகை சூழ்ந்த கண்ணுடன், நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறாள். கூடலூர் கிழார் பாடலில் (குறுந். 167) தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையை மாற்றவும் இல்லாது தாளிப்புப் புகையில் நின்று சமைக்கிறாள். இரண்டும் நன்கு ஆராயப்பட்டவை. இங்கு விரிக்க வேண்டியதில்லை. இரண்டிலும் அடுப்பு எரிகிறது, உலையில் இடுவதற்குப் பொருள் இருக்கிறது என்பதே கருதத்தக்கது.

எரியாத அடுப்பைப் புறப்பாடல்களில்தான் காணமுடிகிறது. பெருந்தலைச் சாத்தனார் பாடலில் (புறம். 164) சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது, பாலற்ற முலையைச் சுவைத்து அழும் குழந்தையின் முகத்தைத் தாய் நீர் நிறைந்த கண்ணுடன் நோக்க, அவள் துயரைக் கணவன் நோக்குகிறான். பெருஞ்சித்திரனார் பாடலில் (160) சிறுவன் தாயிடம் பால் பெறாமல், உள்ளே ஒன்றுமில்லாத கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், தந்தையிடம் உன் சினத்தை எப்படிக் காட்டுவாய் எனக் கேட்டு வேடிக்கையாக்க முயல்கிறாள். பிற்காலப் பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் நிலவு விளையாட்டுத் தோழனாக அழைக்கப்படும். இங்கு அது சோற்றுக்கு ஈடாகக் காட்டப்படுகிறது.

இவற்றைப் பரிசில் வேண்டும் மரபின் வாய்பாடுகள் எனக் கூறி ஒதுக்குவோர் உண்டு. காளான் பூத்த அட்டில் சிறுபாணாற்றுப்படையிலும் வருவதால் அவ்வையத்திற்கு இடமுண்டு. ஒரு புலவரின் வாழ்க்கைக் குறிப்பாக இவற்றைக் கொள்வது பிழையே. ஆனால் கேட்போர் அறியாத ஒன்று வாய்பாடாக நிலைபெறுவதில்லை. மேலும் சில விவரங்கள் வாய்பாட்டுக்குத் தேவையான அளவினும் துல்லியமானவை. பெருஞ்சித்திரனாரின் மற்றொரு பாடலில் (159) பிள்ளைகளால் தளர்ந்த மனைவி, குப்பையில் முளைத்த கீரையில் முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் துளிர்த்த இளந்தளிரைக் கொய்து, உப்பின்றி வேகவைத்து, மோரும் இன்றி, சோற்றை மறந்து உண்கிறாள். ஒரே செடி திரும்பத் திரும்பக் கொய்யப்பட்டிருக்கிறது. சிறுபாணாற்றுப்படையின் கிணைமகளும் குப்பை வேளையை உப்பின்றியே சமைக்கிறாள். புறங்கூறுவோர் காணாதபடி கதவடைத்துச் சுற்றத்துடன் உண்கிறாள்.

உப்பு ஏன் இல்லை? அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடல்களில் (140, 390) உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு நிகராக உப்பை அளப்பதாகக் கூவுகிறாள். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் மோர் விற்றுப் பெற்ற உணவால் சுற்றத்தை உண்பிக்கிறாள். பண்டமாற்றில் உப்பும் மோரும் தானியம் கொடுத்தே பெறத்தக்கவை. ஆகவே உப்பில்லை, மோரில்லை, சோறில்லை என்பன மூன்று தனிக் குறைகளல்ல. நெல் தீர்ந்த வீட்டில் மற்ற இரண்டும் தாமே தீர்ந்துவிடும். உப்பற்ற கீரை உவமை அழகன்று. அது ஒரு பொருளியல் நிலை.

அந்நிலையில் எஞ்சிய வழியைக் காட்டும் சொல் ‘குறியெதிர்ப்பை’. அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதை அது குறிக்கும். திருக்குறளின் ஈகை அதிகாரம் உண்மையான ஈகையிலிருந்து வேறுபடுத்தவே இச்சொல்லை ஆள்கிறது. அதாவது குறியெதிர்ப்பை அறமாக எண்ணப்படவில்லை. அதனாலேயே வரலாற்றிலும் அது இடம்பெறாமல் போயிற்று எனலாம். ஆனால் குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குக் கூறும் பாடலில் (163) அது தெளிவாக நிற்கிறது. உன்னை விரும்பி வாழ்வோர், நீ விரும்பி வாழ்வோர், உன் சுற்றத்து மகளிர் ஆகியோரை அடுத்து, சுற்றத்தின் கடும்பசி தீர நெடுங்குறியெதிர்ப்பை தந்தோரையும் அவர் சேர்க்கிறார். ‘நெடு’ என்னும் அடை, கடன் நெடுநாள் திரும்பாமல் நின்றதைச் சுட்டுகிறது. கொடுத்தோர் பொறுத்திருந்தனர்.

பட்டியல் முழுவதும் மனைவியை நடுவாகக் கொண்டே அமைந்துள்ளது. புலவர் வள்ளலைத் தேடிச் சென்றிருந்த நாள்களில் வீட்டில் இருந்தவள் அவள். யாரிடம் எவ்வளவு அளந்து வாங்கப்பட்டது என்பதை அறிந்திருக்கக்கூடியவளும் அவளே. குமணனின் பெயரைப் புறநானூறு காத்தது. நெல் அளந்து கொடுத்த அண்டை வீட்டாரின் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை. இன்னார்க்கு என்று பாராமல், தம்மைக் கலந்து கொள்ளாமலும், எல்லோர்க்கும் கொடு என்று அப்பாடலில் புலவர் மனைவியிடம் சொல்கிறார். நாளைக்கென வைத்துக்கொள்ளவும் வேண்டாம் என்கிறார்.